பனித்தளமும் பிரட்டுக்களமும்

டொரொன்டோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைக்கும் என் தமக்கை மகன், மழை பெய்ததா, மிளகு என்ன விலை போகிறது, மாசித் தேருக்கு நாள் குறித்தாயிற்றா என்று ஊர் க்ஷேமங்களையெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் தன் சொந்த விஷயத்துக்கு வருவான். அந்தச் சொந்த விஷயம் பத்தில் ஒன்பது தடவை ஹொக்கியாகவே இருக்கும். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கும் அதன் ஆட்டக்காரர் சங்கமும், 2026 செப்டம்பர் 16 தொடக்கம் நான்கு வருஷம் செல்லுபடியாகும் புதிய கூட்டு ஒப்பந்தத்தை, பழையது காலாவதியாவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே, 2025 ஜூலையில் பேசி முடித்துவிட்டன என்பதையும் அவன் அப்படித்தான் சொன்னான். “மாமா, இந்தத் தடவை சண்டை கிண்டை ஒண்ணுமில்ல, கதவ மூடாமலே கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்றபோது அவன் குரலில் ஒலித்த ஆறுதலைக் கேட்டு, ஒரு விளையாட்டுக்காக ஒரு மனிதன் இவ்வளவு நெஞ்சு குளிர வேண்டுமா என்று வேறு ஊர்க்காரர் யாரேனும் வியந்திருக்கலாம். மாத்தளைக்காரனாகிய எனக்கு வியப்பு உண்டாகவில்லை.

கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு உண்டென்பதையே மறந்துவிட்ட இந்தத் தீவில், ஹொக்கி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பிள்ளைகள் தெருவில் போவதை யாரும் விசேஷமாகத் திரும்பிப் பார்க்காத ஊர் எங்களுடையது. சென். தோமஸ் கல்லூரி, விஜய கல்லூரி, சாஹிரா கல்லூரி என்று பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் பரம்பரையாக ஆடிவந்த இவ்விளையாட்டை, எட்வர்ட் பார்க்கின் ஓரத்தில் நின்று பார்த்தே வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்த மைதானத்தில் இறங்கி ஆடும் பாக்கியம் வாய்க்காத தோட்டத்துப் பையன்களாகிய நாங்கள், கொய்யாக் கிளையை நெருப்பில் வாட்டி வளைத்து மட்டையாக்கி, தோலுரிந்துபோன கிரிக்கெட் பந்தொன்றை எங்கிருந்தோ சம்பாதித்துக்கொண்டு, மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் வெறிச்சோடிப்போகும் பிரட்டுக்களத்தில் ஆடினோம். காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் இடமே மாலையில் எங்களுக்கு மைதானம். கணக்கப்பிள்ளை நிற்கும் கல்தான் கோல் கம்பம்.

ஆகவே என் மருமகன் பேசும் ஹொக்கி, அதாவது பனிக்கட்டித் தரையில் கத்தி பதித்த சப்பாத்துகளோடு பக்கத்துக்கு ஆறு பேர் சறுக்கியோடி, பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டொன்றை அடித்து விரட்டும் அந்த ஆட்டம், எனக்கு நெடுங்காலம் அந்நியமாகவே இருந்தது. ஆனால் அந்த ஆட்டத்தைச் சுற்றி நடக்கும் விவகாரத்தில் அடிபடுகிற கதவடைப்பு, வேலைநிறுத்தம், கூட்டு ஒப்பந்தம், பேச்சுவார்த்தை முறிவு என்கிற வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு அந்நியமல்ல. உக்குவளையிலும் எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் உள்ள எந்தத் தேநீர்க் கடையிலும் அவ்வார்த்தைகளுக்குப் பொருள் கேட்கலாம். டொரொன்டோ ரசிகனைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அந்த லீக்கில் பெரிய கதவடைப்புகள் மூன்று நடந்திருக்கின்றன. 1994-95 இல் நடந்ததையும் 2012-13 இல் நடந்ததையும் பருவத்தைப் பாதியாக வெட்டிய காயங்கள் என்று சொல்லலாம். 2004 செப்டம்பர் 16 அன்று தொடங்கியதோ பருவத்தையே விழுங்கியது. முதலாளிகள் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்றார்கள். சங்கம் அதற்கு இணங்க மறுத்தது. பேச்சும் மறுபேச்சுமாக மாதங்கள் கழிந்து, 2005 பெப்ரவரி 16 அன்று அந்த வருஷத்து ஆட்டங்கள் 1,230 உம் ரத்து என்று அறிவிக்கப்பட்டன. 1919 இல் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது தீர்மானிக்கப்படாமல் நின்ற ஸ்டான்லி கிண்ணம், அதன் பிறகு யாருக்கும் வழங்கப்படாமற்போனது அந்த ஒரு வருஷத்தில்தான். வென்ற அணிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்படும் அக்கிண்ணத்தில், 2004-05 பருவம் ஆடப்படவில்லை என்ற வாசகத்தை இன்றும் காணலாம். கதவடைப்புத் தொடங்கி முந்நூற்றுப் பத்து நாட்கள் கழித்து ஓர் அணிக்கு 3 கோடி 90 லட்சம் டொலர் என்ற உச்சவரம்போடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2005 அக்டோபர் 5 அன்று முப்பது அணிகளும் ஒரே இரவில் களமிறங்கின. பனித்தளத்தின் நீலக்கோடுகளருகே ரசிகர்களுக்கு நன்றி என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நன்றி வாசகத்தைத்தான் என் மருமகனால் இன்றளவும் ஜீரணிக்க முடியவில்லை. ஊரைவிட்டுப் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்த அவன், அக்காலத்தில் டொரொன்டோ நகரின் மத்தியில், மேப்பிள் லீஃப்ஸ் அணி ஆடும் அரங்குக்கு நடந்துபோகும் தூரத்தில், ஓர் உணவுச்சாலையில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தான். ஆட்டமுள்ள இரவுகளில் கூட்டம் நெரியும். ஆட்டமில்லாத இரவுகளில் நாற்காலிகள் மேசைமேல் ஏறிவிடும். கதவடைப்புத் தொடங்கிய மாதத்தில் அவனுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை மூன்றாகக் குறைந்தது. மார்கழியில் ஒன்றாகக் குறைந்தது. பருவம் ரத்தான பெப்ரவரியில், இனி வர வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்துக்கு நிதியிருந்தது, முதலாளிகளுக்குச் சொத்திருந்தது, ஆட்டக்காரரில் நூற்றுக்கணக்கானோருக்கு ஐரோப்பிய அணிகளில் இடம் கிடைத்தது. பாத்திரம் கழுவியவனுக்கு எந்த ஐரோப்பாவும் இல்லை. அந்த மாதங்களில் அவன் வீட்டுக்குப் பணம் அனுப்பாததற்குத் தமக்கை அவனைக் கடிந்துகொண்டாள். காரணம் ஹொக்கி என்று அவன் சொன்னபோது, பொய் சொல்கிறான் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

என் சிறுபிராயத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்த ஸ்ட்ரைக்கு ஒன்று அப்போது என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெகு காலம் கழித்தே வந்தது. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில், தலைவர்கள் கொழும்புக்குப் போவதும் வருவதுமாக இருக்க, லயத்து வீடுகளில் அடுப்பெரிய அரிசியைக் கடனாகக் கொடுத்தவர் தோட்டத்து வாசலில் சில்லறைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். போராட்டம் சமரசத்தில் முடிந்து, கேட்டதில் பாதி கிடைத்தது என்று எல்லோரும் சந்தோஷத்தோடு பிரட்டுக்குத் திரும்பியபோது, அந்தப் பெரியவரின் கடைப் பெட்டியில் அரிசியும் இல்லை, காசும் இல்லை. அவர் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. அடுத்த தீபாவளிக்குள் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காட்சியும் எனக்கு மறக்கவில்லை: வாரக்கணக்கில் பறிக்காமல் விட்ட மலை முற்றிக் கரடு தட்டிப்போய், கொழுந்து எது, இலை எது என்று தெரியாமல், முற்றியதை ஒடித்தெறிவதிலேயே பெண்களுக்குப் பத்து நாள் போயிற்று. நின்ற வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று நினைப்பவர்கள் மலையேறிக் கொழுந்தெடுத்தவர்கள் அல்லர்.

மூன்றாவது கதவடைப்பு 2012 செப்டம்பர் நடுவில் வந்தது. இப்போது சண்டை வருமானத்தில் பங்கைப் பற்றியது. ஆட்டக்காரருக்கு 57 சதவீதமாக இருந்த பங்கைப் பாதிக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது முதலாளிகளின் கட்சி. எங்கள் தோட்டங்களில் 1992 தொடக்கம் இரண்டு வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்து, நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021 இல் வர்த்தமானி அறிவித்தல் வந்த பிறகு வழக்கொழிந்துபோன கூட்டு ஒப்பந்தத்தில், கம்பெனியின் வருமானத்தில் தொழிலாளிக்கு இத்தனை சதவீதம் என்று பேரம் பேசப்பட்டதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே, ஐம்பதா ஐம்பத்தேழா என்று இரு தரப்பும் முகம் சுளித்துக்கொண்டிருந்ததைப் பத்திரிகையில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒருங்கே எழுந்ததை ஒளிப்பதற்கில்லை. நியூயோர்க்கில் பதினாறு மணி நேரம் இடைவிடாமல் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், 2013 ஜனவரி 6 அன்று விடியற்காலையில் உடன்பாடு உண்டாயிற்று. 510 ஆட்டங்கள் போய்விட்டன. அணிக்கு 48 ஆட்டங்கள் எஞ்சின. லீக்கின் ஆணையாளர் கேரி பெட்மன் சில நாட்களில் பத்திரிகையாளர் முன் தோன்றி ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

ரசிகர்கள் மன்னித்தார்களா என்றால், அரங்குகள் நிறைந்தன என்பதே பதில். 2005 இல் திரும்பிய பருவத்திலும், யாரும் வரமாட்டார்கள் என்று ஆரூடம் சொன்னவர்களை வெட்கப்படுத்திக்கொண்டு, அதற்கு முன் இல்லாத தொகையில் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். இதைக் கண்டு ரசிகனைச் சுயமரியாதையற்றவன் என்று ஏளனம் செய்கிற எழுத்தாளர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லேன். ஆட்டத்தின்மீது உள்ள அபிமானம் முதலாளிமீதோ சங்கத்தின்மீதோ உள்ள அபிமானமாகாது. கோவில் தர்மகர்த்தாக்கள் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தால் மாரியம்மனைக் கும்பிடப் போகக்கூடாது என்று யாரும் சொல்வதில்லையே. 2013 இல் என் மருமகனும் திரும்பினான். அதற்குரிய பலனும் உடனே கிடைத்தது: 2004 க்குப் பிறகு முதன்முறையாக மேப்பிள் லீஃப்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்று, 2013 மே 13 அன்று பொஸ்டன் நகரில் ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் நாலுக்கு ஒன்று என்று முன்னணியில் நின்று, பிறகு ஒரு கோலும் கடைசி ஒன்றரை நிமிஷத்தில் மேலும் இரண்டு கோல்களும் வாங்கிச் சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் தோற்றுப்போனது. 1967 க்குப் பின் கிண்ணத்தைத் தொடாத அணியின் ரசிகன் அவன். அன்று அவன் அழுதானாம். கதவடைப்புக் காலத்தில் அழவில்லை.

சம்பளம் கேட்ட ஆட்டக்காரனைப் பேராசைக்காரன் என்று வைவதும் எனக்குச் சம்மதமல்ல. 1925 இல், ஹாமில்டன் நகரின் டைகர்ஸ் அணி முதலிடத்தில் நின்றபோது, இருபத்துநான்காக இருந்த ஆட்டங்கள் முப்பதாகக் கூட்டப்பட்டும் கூலி கூடவில்லையே என்று ஆளுக்கு 200 டொலர் கேட்டு, தராவிட்டால் இறுதி ஆட்டங்களில் ஆடமாட்டோம் என்றார்கள். லீக்கின் தலைவர் அவர்களை இடைநிறுத்தினார். அடுத்த பருவத்துக்குள் அந்த ஆட்டக்காரர்கள் 75,000 டொலருக்கு நியூயோர்க் அணி ஒன்றுக்கு விற்கப்பட்டார்கள். ஹாமில்டனுக்கு அந்த லீக்கில் இன்றுவரை அணி இல்லை. கூடுதல் மலைக்குக் கூடுதல் கூலி கேட்டதற்காகத் தோட்டம் மாற்றப்பட்ட ஆட்களை நான் அறிவேன். ஆகையால் ஹாமில்டன் ஆட்டக்காரரின் நியாயம் எனக்கு விளங்க வெகுநேரமாகவில்லை.

நம் பக்கத்து ஹொக்கியிலும், அதாவது புல்லிலும் செயற்கைத் தரையிலும் ஆடப்படும் அசல் ஹொக்கியிலும், இப்படியொன்று நடந்திருக்கிறது. டெல்லியில் உலகக் கிண்ணம் தொடங்க ஏழு வாரமே இருந்த 2010 ஜனவரியில், பூனாவில் பயிற்சி முகாமிலிருந்த இந்திய அணி, நிலுவைப் பணம் வந்து சேரும்வரை மட்டையைத் தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. ராஜ்பால் சிங் தலைவர். ஆளுக்கு நாலரை லட்சம் ரூபாய் அவர்கள் கேட்க, 25,000 தருவதாக நிர்வாகம் சொல்லிற்று. எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற தேசத்தின் அணிக்கு இந்த ஸ்திதி. தேசத்துக்காக ஆடுகிறவன் காசைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டவர்கள் அநேகர். அப்படிக் கேட்டவர்களில் யாரும் தம் உத்தியோகத்தைச் சம்பளமின்றிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. ஜனவரி 13 அன்று வழக்குத் தீர்ந்து அணி பயிற்சிக்குத் திரும்பியது. பெப்ரவரி 28 அன்று பாகிஸ்தானை நாலுக்கு ஒன்று என்று அவர்கள் வென்ற ஆட்டத்தை, எங்கள் வீட்டுச் சிறிய தொலைக்காட்சியில், அயல் வீட்டு மூவரும் நானுமாகப் பார்த்தோம். சந்தீப் சிங் கோணமூலை அடியைக் கோலாக்கியபோது நான்கு வயோதிகர்களும் எழுந்து நின்றோம். பிறகு அவுஸ்திரேலியாவிடமும் ஸ்பெயினிடமும் ஐந்தைந்து கோல் வாங்கி எட்டாவது இடத்தில் முடிந்தது வேறு கதை. முற்றிய மலையைச் சீர்செய்ய நாள் பிடிக்கும்.

இலங்கையிலும் 2013 மார்ச்சில் கிரிக்கெட் சபை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த இருபத்துமூன்று வீரர்களுக்குக் கதவை அடைத்துச் சில நாட்களில் திறந்தது. ஆனால் நமது ஹொக்கியில் அப்படியொரு தகராறு எழ வழியே இல்லை. மாத்தளையில் பள்ளிக்கூடம் முடித்த கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன், இராணுவத்திலோ பொலிஸிலோ ஒரு கம்பெனியிலோ உத்தியோகம் தேடிக்கொண்டு, அந்த உத்தியோகத்தின் நிழலில்தான் மட்டையைப் பிடிக்கிறான். ஊதியம் இல்லாதவனுக்கு வேலைநிறுத்தம் என்ற ஆயுதமும் இல்லை. ஐந்து வருஷம் ஓடி 2017 ஓடு நின்றுபோன இந்திய ஹொக்கி லீக், 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கெலாவில் மறுபடி உயிர்பெற்று, ஹர்மன்பிரீத் சிங்குக்கு ஒரு பருவத்துக்கு 78 லட்சம் ரூபாய் என்று ஏலம் போனதைக் கேட்டபோது, எங்கள் ஊர்ப் பையன்கள் வாயைப் பிளந்ததை நான் பார்த்தேன். நம் ஆட்டக்காரரும் ஒருநாள் முதலாளியோடு சண்டை பிடிக்கும் அளவுக்குச் சம்பாதிக்க வேண்டும் என்பதே என் ஆசை. இது விபரீதமான ஆசையாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

என் மனஸ்தாபம் வேறிடத்தில் இருக்கிறது. பனித்தளத்தில் நன்றி எழுதியவர்கள், விலை கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்தவனுக்கு எழுதினார்கள். வெளியே பாத்திரம் கழுவினவனுக்கும், வாசலில் சீட்டுக் கிழித்தவனுக்கும், வாகனம் நிறுத்தும் இடத்தில் குளிரில் நின்றவனுக்கும் அது போய்ச் சேரவில்லை. வருமானத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளத் தெரிந்த இரு தரப்பினரும், அடுத்த முறை கதவை அடைக்க நேர்ந்தால் அந்த நாட்களுக்கு இந்த மணிக்கூலிக்காரருக்கு என்ன வழி என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்ப்பது அவர்கள் கையால் ஆகாத காரியமல்ல. தோட்டத்துப் பேச்சுவார்த்தைக்குப் போகிற எங்கள் தலைவர்களுக்கும் இதையே சொல்வேன். வாசலில் கடை வைத்திருப்பவர் இப்போதும் ஒருவர் இருக்கிறார்.

இதை மருமகனிடம் சொன்னேன். “நீங்க இங்க வந்து பேச்சுவார்த்தைல உட்காருங்க மாமா” என்று சிரித்தான். புதிய ஒப்பந்தப்படி ஓர் அணிக்கு எண்பத்திரண்டாக இருந்த ஆட்டங்கள் எண்பத்துநான்காகின்றன. அதனால் டொரொன்டோ அரங்கில் வருஷத்துக்கு ஓர் ஆட்டம் கூடும், ஓர் இரவு கூடும் என்று அவன் கணக்குப் போட்டுச் சொன்னான். அவன் இப்போது பாத்திரம் கழுவுவதில்லை, பேருந்து ஓட்டுகிறான். கல்லூரியில் படிக்கும் அவன் மகள், ஆட்டமுள்ள சனிக்கிழமை இரவுகளில் அந்த அரங்கில் தின்பண்டம் விற்கும் வேலைக்குப் போய்வருகிறாள். ஒப்பந்தம் 2030 செப்டம்பர் 15 அன்று முடிகிறது.